நல்ல அன்பளிப்பைத் தெரிந்தெடுப்பது எப்படி: கொடுப்பவர் மனமும் பெறுபவர் வீடும்

ஐந்து வருடங்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், யாழ்ப்பாணம் கோண்டாவிலில் உள்ள எங்கள் பெரியம்மாவின் வீட்டு விறாந்தையில் தமது பயணப்பெட்டியைத் திறந்து, பெரியம்மாவுக்கென்று இரண்டு பொருட்களை எடுத்துக் கொடுத்தார். ஒன்று, கண்ணாடிக் குடுவையோடு கூடிய பெரிய பிளெண்டர். மற்றது, இறுகிப்போன போத்தல் மூடியைப் பிடித்துத் திறப்பதற்கான உள்ளங்கை அகல றப்பர் துண்டு. பெட்டியில் மிஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக ஓரத்தில் செருகப்பட்டிருந்த பொருள் அது. பிளெண்டரைச் சுற்றி வீடே கூடி நின்றது. அயல்வீட்டாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். றப்பர் துண்டை எவரும் கவனிக்கவில்லை. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த நாள் காலை சம்பல் அரைக்கப் போன பெரியம்மா, சம்பலுக்குப் பதிலாகக் கருகல் மணத்தோடு குசினியைவிட்டு வெளியே வந்தார். பிளெண்டர் இப்பொழுது அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. றப்பர் துண்டு அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மூட்டுவாதத்தால் விரல்கள் சரியாக மடங்காத பெரியம்மா, ஊறுகாய்ப் போத்தலையும் மருந்துப் போத்தலையும் நாள்தோறும் அதைக்கொண்டுதான் திறக்கிறார்.

கொடுத்தவர் கஞ்சர் அல்லர், அன்பில்லாதவரும் அல்லர். பிளெண்டரின் நிறைக்காகத் தமது உடுப்புகளில் பாதியை விட்டுவிட்டு வந்தவர். அவர் செய்த பிழை அநேகமாக எல்லோரும் செய்யும் பிழை. அன்பளிப்புப் பற்றிய உளவியல் ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் கட்டுரை எழுதிய ஜெஃப் காலக், ஜூலியன் கிவி, எலனோர் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் அந்தப் பிழையைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். கொடுப்பவரின் கண் பொருள் கைமாறும் அந்த நிமிடத்தில் நிற்கிறது: முகம் மலருமா, சுற்றி நிற்பவர்கள் வியப்பார்களா என்பதே அவருடைய கவலை. பெறுபவரோ அந்தப் பொருளோடு அதற்குப் பிறகு வரும் மாதங்களையும் வருடங்களையும் கழிக்க வேண்டியவர். இந்த வழிகாட்டியில் வரும் படிகள் எல்லாம், கண்ணை அந்த நிமிடத்திலிருந்து பெயர்த்துப் பிந்திய நாட்களின்மேல் வைப்பதற்கான வழிகளே.

கண்ணைப் பெயர்ப்பது ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. கொடுப்பது கொடுப்பவருக்கே இன்பமானது. எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கல் நோர்ட்டன் ஆகியோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் காலையில் சிலருக்கு 5 டொலரும் சிலருக்கு 20 டொலரும் கொடுத்து, பாதிப் பேரைத் தமக்காகவும் மீதிப் பேரைப் பிறருக்காகவும் மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்குச் செலவழித்தவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது பொருட்டாக இருக்கவில்லை. அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் நமக்கு மகிழ்ச்சி வந்துவிட்டதனாலேயே அவருக்கும் வந்திருக்கும் என்று நம்பிவிடுகிறோம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைச் சங்கப் புலவர் பரணர் பாடும்போது, மயில் அதை உடுத்தவும் போர்த்தவும் போவதில்லை என்று தெரிந்தே கொடுத்தான் என்கிறார். வள்ளலுக்கு அது புகழ். பிறந்தநாள் விழாவுக்குப் போகும் நமக்கு அந்த உரிமை இல்லை.

முதற்படி: இது எந்த வகைக் கொடுக்கல் என்று தீர்மானியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னரே இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவையெல்லாம் குறியெதிர்ப்பை போன்றவை என்கிறது 221 ஆவது குறள். குறியெதிர்ப்பை என்பது அளந்து கொடுத்து, அதே அளவில் திருப்பி வாங்கும் கைமாற்று. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925 இல் அன்பளிப்பைப் பற்றி எழுதிய நூலில், மனம் விரும்பிக் கொடுப்பதாகத் தோன்றும் பரிசுகளுக்குள்ளே கொடுக்கும் கடமை, ஏற்கும் கடமை, திருப்பிக் கொடுக்கும் கடமை என மூன்று கடமைகள் இருப்பதை விரிவாகக் காட்டினார். நமது கலியாண வீட்டிலும் சாமத்திய வீட்டிலும் கடித உறைகளைப் பிரித்து, யார் எவ்வளவு என்று கொப்பியில் எழுதிவைக்கும் மாமாவுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே கொப்பியில் ஏறப்போகும் அன்பளிப்பென்றால், புதுமை தேடிக் கஷ்டப்படாதீர்கள். அவர்கள் உங்கள் வீட்டு நிகழ்வுக்குச் செய்ததைப் பார்த்து, இன்றைய விலைவாசிக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிக் காசாகக் கொடுங்கள். காசு கொடுப்பது அன்பற்ற செயல் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் அமெரிக்க மாணவர்களிடம் அவர்களுக்குக் கிடைத்த நத்தார்ப் பரிசுகளின் பெறுமதியைக் கேட்டு 1993 இல் எழுதிய கட்டுரையில், பரிசின் விலையில் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பெறுபவரின் மதிப்பில் காணாமற்போகிறது என்று கணக்கிட்டார். நண்பர்கள் கொடுத்த பரிசில் இழப்புக் குறைவு. விலகி நின்ற உறவினர் கொடுத்ததில் அதிகம். ஒருவரை வருடத்தில் ஒரு தடவைதான் காண்கிறீர்கள் என்றால், அவருக்கு எது பிடிக்கும் என்று ஊகிப்பதைவிட உறைக்குள் காசை வைப்பது அவரை மதிப்பதாகும்.

வருடப்பிறப்பன்று பெரியவர்கள் வெற்றிலையோடு கொடுக்கும் கைவிசேடம் இந்தக் கணக்கிலிருந்து அழகாக விலகி நிற்கிறது. அது மூத்தவரிடமிருந்து இளையவருக்கு இறங்கி வருவது. கொடுத்தவருக்கே திரும்பிப் போவதில்லை. தொகையை யாரும் ஒப்பிடுவதுமில்லை. பேரப்பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று குழம்பும் அம்மம்மாக்கள், பொம்மைக் கடையை விட்டுவிட்டு ஒரு புதுத் தாளோடு இந்த வழக்கத்தைத் தொடர்வதே போதும்.

இந்த இரண்டிலும் அடங்காத, ஒருவரை உண்மையிலேயே மகிழ்விப்பதற்காகக் கொடுக்கும் பரிசுக்கே பின்வரும் படிகள் பயன்படும்.

இரண்டாம் படி: கேளுங்கள், ஆனால் 'என்ன வேணும்?' என்று கேட்காதீர்கள்

கேட்டு வாங்கிக் கொடுத்தால் சுவை போய்விடும் என்று நம்புவது கொடுப்பவர்தான். ஃபிரான்செஸ்கா ஜினோவும் பிராங்க் ஃபிளினும் 2011 இல் வெளியிட்ட ஆய்வுகளில், தாங்களாகவே யோசித்துத் தெரிந்தெடுத்த பரிசை, கேட்ட பரிசுக்குக் குறையாமல் பெறுபவர் போற்றுவார் என்று கொடுப்பவர்கள் எண்ணினார்கள்; பெற்றவர்களோ தாங்கள் கேட்ட பொருளையே கூடுதலாகப் போற்றியதோடு, கேட்டதைக் கொடுத்தவரே தங்களைக் கூடுதலாக எண்ணிப் பார்த்தவர் என்றும் சொன்னார்கள். மேற்குநாடுகளில் கலியாணத் தம்பதியர் தமக்கு வேண்டிய பொருட்களின் பட்டியலைக் கடையிலேயே பதிந்துவைக்கும் வழக்கம் இருப்பதால், அங்கே இதைச் சோதிப்பது எளிதாக இருந்தது.

நம்மிடம் அந்தப் பட்டியல் இல்லை. நேராகக் கேட்டால், யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் ஒரே விடைதான் வரும்: "ஒண்டும் வேண்டாம், நீங்கள் வந்தாலே காணும்." இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். கேட்டுப் பெறுவது குறைச்சல் என்று வளர்க்கப்பட்ட ஒருவர் வேறெந்த விடையையும் சொல்ல முடியாது. எனவே கேள்வியை வேறு வாசலால் கொண்டுபோக வேண்டும்.

ஒரு வழி, தேவையைக் கேளாமல் தொல்லையைக் கேட்பது. "பெரியம்மா, குசினியிலை இப்ப எது கரைச்சல் குடுக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். தமக்கு வேண்டியதைச் சொல்லத் தயங்குபவர், பழுதாகிப்போன தேங்காய் துருவியைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்வார். குறை சொல்வதில் நமக்குத் தயக்கம் கிடையாது. இன்னொரு வழி, கொடுப்பது உறுதியென்று முதலிலேயே சொல்லிவிட்டு, இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க விடுவது: "சீலை எடுக்கவோ, நல்ல குடை எடுக்கவோ?" வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு அதோடு முடிந்துபோவதால், விடை பெரும்பாலும் உண்மையானதாக இருக்கும்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு வாயே தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போனால், கட்டி ஒட்டிப் பாவிக்கப்படும் பொருட்களைப் பாருங்கள். பிடி உடைந்து சைக்கிள் ரியூப்பால் சுற்றிக் கட்டிய கத்தி, ஒரு பக்கக் கால் கழன்று நூலால் கட்டப்பட்ட மூக்குக்கண்ணாடி, மூடி தொலைந்து சிரட்டையால் மூடப்பட்ட போத்தல் ஆகியவை அந்த வீட்டார் எழுதாமல் வைத்திருக்கும் பட்டியல். ஒருவர் ஒரு பொருளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பாவிக்கிறார் என்றால், அது அவருக்கு வேண்டிய பொருள் என்பதும், அதற்காகத் தமக்குத்தாமே செலவழிக்க மனம் வரவில்லை என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகின்றன. அப்படிக் கண்டதையும் கேட்டதையும் உடனே தொலைபேசியில் குறித்துவையுங்கள். ஆவணியில் கண்ட உடைந்த பிடி, தையில் பரிசு வாங்கும்போது நினைவுக்கு வராது.

வீட்டிலுள்ள மற்றவர்களிடம் விசாரிப்பதும் நல்லதுதான். ஆனால் யாரிடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணவரைவிடப் பேத்திக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

மூன்றாம் படி: பொருளை மனத்தால் அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள்

கடையில் நிற்கும்போது கண் பொருளின் தரத்தைப் பார்க்கிறது; பாவிப்பவரின் கையோ பாவிக்கும் வசதியைப் பார்க்கிறது. 2014 இல் எர்னஸ்ட் பாஸ்கினும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுவே. சிறந்த, ஆனால் பாவிக்கக் கடினமான பொருளைக் கொடுப்பவர் தெரிந்தெடுக்கிறார். அவ்வளவு சிறப்பில்லாத, ஆனால் எளிதாகப் பாவிக்கக்கூடிய பொருளையே பெறுபவர் விரும்புகிறார். தொலைவிலுள்ள பெயர்பெற்ற உணவகத்தைவிடப் பக்கத்திலுள்ள ஓரளவு நல்ல உணவகமே பெறுபவருக்கு உகந்தது.

வாங்குவதற்கு முன்னர் ஒரு நிமிடம் கண்ணை மூடி, பொருளோடு அந்த வீட்டுக்குள் நடந்துபோங்கள். படலையைத் திறந்து, விறாந்தையைக் கடந்து, அதை எங்கே வைப்பார்கள்? அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது? அதை யார் கழுவுவார்கள், யார் தூசு தட்டுவார்கள்? மின்சாரத்தில் இயங்குவதென்றால் வோல்ட் பொருந்துமா, சொருகி நமது துளைக்குள் போகுமா? தீர்ந்துபோகும் உறுப்பு ஏதும் உண்டா, அது யாழ்ப்பாண நகரக் கடைகளில் கிடைக்குமா? சுவிஸிலிருந்து வந்த, சிறு குப்பிகளைச் செருகிக் கோப்பி வடிக்கும் இயந்திரம் ஒன்று, கூட வந்த குப்பிகள் முடிந்ததன் பிறகு தொலைபேசி வைக்கும் மேடையாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

குடிபூரலுக்குச் சுவர் மணிக்கூடு கொடுப்பவர்கள் இந்த நடையை ஒரு தடவையேனும் நடந்து பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் எத்தனை சுவர், எத்தனை ஆணி? புது வீட்டுக்காரர் ஒருவர், தமக்கு வந்த மணிக்கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றினதும் பற்றரிகளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அந்தப் பற்றரிகளே அவருக்குக் கிடைத்த உண்மையான அன்பளிப்பு.

நான்காம் படி: விலையைப் பற்றிய அச்சத்தை விடுங்கள்

விலை கூடினால் மதிப்புக் கூடும் என்பதும் கொடுப்பவரின் கணக்குத்தான். பிராங்க் ஃபிளினும் கேப்ரியல் ஆடம்ஸும் 2009 இல் இதை நிச்சயதார்த்த மோதிரங்களில் தொடங்கிச் சோதித்தார்கள். மோதிரத்தின் விலை ஏற ஏறப் பெண் அதைக் கூடுதலாகப் போற்றுவாள் என்று ஆண்கள் நினைத்தார்கள். பெண்களின் விடைகளில் விலைக்கும் மகிழ்ச்சிக்கும் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் எடையைப் பேசுவது வேறு விடயம். அது முதற்படியில் சொன்ன கொப்பிக்கணக்கைச் சேர்ந்தது.

குறைந்த காசில் நிறைவாகக் கொடுக்க ஒரு வழியுண்டு. கிறிஸ்தோபர் ஷீ என்ற ஆய்வாளர் 1998 இல் காட்டியது இது: 55 டொலர் பெறுமதியான குளிர்மேலங்கியைக் கொடுத்தவரைவிட, 45 டொலர் பெறுமதியான கழுத்துத்துணியைக் கொடுத்தவரே தாராளமானவராகத் தோன்றினார். மேலங்கிகளுக்குள் 55 டொலர் என்பது மலிந்த விலை. கழுத்துத்துணிகளுக்குள் 45 டொலர் என்பது உயர்ந்த விலை. பெறுபவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பொருள் இல்லாதபோது, ஒவ்வொரு பொருளும் தன் இனத்துக்குள்ளேயே அளக்கப்படுகிறது. நாலாயிரம் ரூபாய்ச் சீலை, சீலைகளுக்குள் சாதாரணமானது. உடுத்துபவர் கையால் தொட்ட உடனேயே அறிந்துகொள்வார். அதே காசுக்கு வரும் குடையோ, துவாயோ, அந்தக் கடையிலேயே மிகச் சிறந்ததாக இருக்கும். பெரிய இனத்தில் சிறியதை வாங்காமல், சிறிய இனத்தில் பெரியதை வாங்குங்கள்.

இதோடு சேர்ந்த எச்சரிக்கையொன்று. நல்ல பொருளோடு மலிந்த பொருளைச் சேர்த்துக் கட்டாதீர்கள். கொடுப்பவர் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்கிறார். பெறுபவர் இரண்டையும் கலந்து சராசரி பார்க்கிறார். கிம்பர்லி வீவரும் அவருடைய சகாக்களும் 2012 இல் இதைப் பல பொருட்களில் காட்டினார்கள். குழந்தைக்குத் தங்கக் காப்புக் கொடுக்கும்போது, வெறுங்காப்பாக இருக்கிறதே என்று கூட வைக்கும் பிளாஸ்ரிக் கிலுகிலுப்பை, காப்பின் பெறுமதியைத்தான் குறைக்கிறது.

ஐந்தாம் படி: பலருக்குக் கொடுக்கும்போது வேறுபடுத்த முனையாதீர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரே நேரத்தில் பலருக்குப் பரிசு தெரிந்தெடுப்பவர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தன்மையாக இருக்க வேண்டும் என்று எண்ணி, எல்லோருக்கும் நன்றாகப் பிடித்திருக்கக்கூடிய ஒன்றை விட்டுவிட்டுச் சிலருக்குத் தரம் குறைந்ததை வாங்கிவிடுகிறார்கள் என்று மேரி ஸ்டெஃபலும் ரொபின் லெபோஃபும் 2014 இல் காட்டினார்கள். தீபாவளிக்கு ஒரே துணிக்கட்டிலிருந்து வெட்டி, அண்ணனுக்கும் தம்பிக்கும் பக்கத்துவீட்டுச் சிறுவனுக்கும் ஒரே மாதிரிச் சேட் தைத்துக் கொடுத்த எங்கள் அப்பாக்கள் சிக்கனத்துக்காகத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனாலும் "அவனுக்கு மட்டும் ஏன் அது?" என்ற சண்டை அந்தச் சேட்டுகளால் வந்ததில்லை.

ஆறாம் படி: பொருளுக்குப் பதிலாக ஒரு நாளைக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்

இந்தப் படியில் நமது ஊரார் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். கையில் பார்சல் இல்லாமல் போனால் வெறுங்கையோடு போனதாகிவிடும் என்ற எண்ணமே காரணம். சின்டி சானும் கசி மொகில்னரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வுகளில், பொருளைப் பெற்றவர்களைவிட ஓர் அனுபவத்தைப் பரிசாகப் பெற்றவர்களே கொடுத்தவரோடு கூடுதல் நெருக்கத்தை உணர்ந்தார்கள்; கொடுத்தவர் அந்த அனுபவத்தில் கூட இருக்கவில்லை என்றாலும் அப்படியே. அனுபவிக்கும்போது எழும் உணர்ச்சியின் வலிமையே அதற்குக் காரணம் என்பது அவர்களுடைய விளக்கம்.

வயதான ஒருவருக்கு இதைச் செய்வதென்றால் வெறும் பயணச்சீட்டு உதவாது. பயணத்தின் எல்லாத் தொல்லைகளையும் நாமே சுமக்க வேண்டும். பெரியம்மா நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பார்த்துப் பல வருடமாகிவிட்டது என்று ஒருமுறை சொன்னதைக் குறித்துவைத்திருந்த என் தம்பி, அவருடைய பிறந்தநாளுக்கு முச்சக்கரவண்டி ஒன்றை நாள் முழுவதற்கும் பேசி, குறிகட்டுவான் துறைவரை கொண்டுபோனான். படகில் ஏறும் இடம்தான் அவருக்குப் பயம். பலகைக்கும் படகுக்கும் இடையில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துக் காலை வைக்க மறுத்தவரை, இரண்டு கைகளையும் பிடித்து, "என்னைப் பாருங்கோ, தண்ணியைப் பாராதேங்கோ" என்று சொல்லி இறக்கினான். படகுப் பலகையில் அவனுடைய தோளைப் பிடித்தபடியே இருந்து போய் வந்தார். கோயிலைப் பற்றி அவர் பிறகு சொன்னது கொஞ்சம். அந்தப் படகுப் பலகையைப் பற்றி இன்றும் சொல்கிறார்.

இதற்கு இணையானது நினைவோடு சேர்ந்த பொருள். கிவியும் காலக்கும் 2017 இல் காட்டியதுபோல, பெறுபவர் விரும்பும் அளவுக்குக் கொடுப்பவர்கள் இத்தகைய பொருட்களைத் தெரிந்தெடுப்பதில்லை. பிடிக்காமற் போய்விடுமோ என்ற பயத்தில், அவருடைய அறிந்த விருப்பத்துக்கு ஏற்ற கடைப்பொருளின்மேலேயே சாய்கிறார்கள். ரொறன்ரோவில் உள்ள மச்சாளுக்கு இங்கிருந்து போகும் ஒவ்வொருவரும் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் புழுக்கொடியலும் கொண்டுபோகிறோம். அவருடைய குளிர்ப்பெட்டியில் மிளகாய்த்தூள் மட்டும் நாலு கிலோ கிடக்கிறதாம். அவர் அழுதது வேறொன்றுக்கு. அம்மம்மா தமது கைப்பட எழுதிய சமையற் கொப்பியின் பக்கங்களைப் பிரதியெடுத்து, எண்ணெய்க்கறை படிந்த பக்கங்களையும் விடாமல் கட்டி அனுப்பியிருந்தோம். செலவு முந்நூறு ரூபாய்க்குள்.

ஏழாம் படி: திருப்பிக் கொடுக்க ஒரு வழியை விட்டுவையுங்கள்

வசதி குறைந்த உறவினருக்குக் கொடுப்பதே எல்லாவற்றிலும் கடினமானது. மோஸ் சொன்ன மூன்றாவது கடமை இங்கேதான் கழுத்தை நெரிக்கிறது: திருப்பிக் கொடுக்க முடியாத அளவுக்குப் பெரிதாகக் கொடுக்கும்போது, பெறுபவர் உங்களுக்குக் கீழே போய்விடுகிறார். அதற்குப் பிறகு அவர் உங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டால், அதை நன்றியின்மை என்று எண்ணாதீர்கள்.

நமது அயல்வீட்டு வழக்கம் ஒன்று இதற்கு வழி காட்டுகிறது. பக்கத்துவீட்டிலிருந்து பாயாசம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு கை சீனியோ, நாலு பச்சை மிளகாயோ, ஒரு பிடி முருங்கையிலையோ அதற்குள் போகும். அளவு சமமில்லை, ஆனாலும் கடன் தீர்ந்துவிடுகிறது. ஆகவே கொடுக்கும்போதே ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு உதவிவிட்டு, "உங்கடை கறுத்தக் கொழும்பான் காய்ச்சால் எனக்கு நாலு வையுங்கோ" என்று சொல்லுங்கள். மாம்பழம் வரும்போது மகிழ்ச்சியோடு வாங்குங்கள், அதற்குக் காசு கொடுக்க முனையாதீர்கள். கொடுப்பதைப் பலர் முன்னிலையில் கொடுக்காதீர்கள் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

செத்தவீடு இதற்கு விதிவிலக்கு. அங்கே அடுப்பு எரியாது. என்ன வேண்டும் என்று கேட்கவும் கூடாது. கேளாமலே தேத்தண்ணியும் சோறும் கறியும் கொண்டுபோய் வைப்பதே முறை. ஆனால் எல்லோரும் முதல் மூன்று நாட்களில் கொண்டுபோகிறார்கள். அந்தியேட்டியும் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, முப்பத்தைந்தாவது நாளோ நாற்பதாவது நாளோ ஒரு பாத்திரத்தில் சாப்பாட்டோடு போய்ப் படலையைத் தட்டுபவர் மிகச் சிலர்.

எட்டாம் படி: சுற்றுவதும் கொடுப்பதும்

அழகாகச் சுற்றுவது யாருக்கு என்பதைப் பொறுத்தது. 2020 இல் ஜெசிக்கா ரிக்சமும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வில், நண்பர்களுக்கிடையே கசங்கலாகச் சுற்றிய பரிசே கூடுதலாகப் பிடித்துப்போனது. மிக அழகாகச் சுற்றியது எதிர்பார்ப்பை ஏற்றிவிட, உள்ளே இருந்தது அதற்கு ஈடாகவில்லை. அதிகம் பழகாதவர்களிடையே நிலைமை தலைகீழ்: அழகிய சுற்றல், உறவை மதிப்பதன் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. அலுவலக மேலாளருக்குக் கடையில் கொடுத்துச் சுற்றுவியுங்கள். மச்சானுக்குச் செய்தித்தாள் போதும்.

இந்த ஆய்வுகளில் பலவும், பரிசைக் கொடுத்தவர் முன்னிலையிலேயே பிரிக்கும் நாடுகளில் நடந்தவை. நாமோ வாங்கியதைப் பிரிக்காமல் சாமியறையில் வைத்துவிட்டு, "ஏன் இதெல்லாம், வீண்செலவு" என்று சொல்லித் தேத்தண்ணி வைக்கப் போகிறோம். இதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. பிடிக்காத முகத்தை மறைக்கும் தொல்லை யாருக்கும் இல்லை. ஆனால் அதனாலேயே, கொடுத்தவர் ஒருநாளும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. வருடம் வருடமாக ஒரே மணிக்கூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். கொடுக்கும்போது, "கடைச் சிட்டை உள்ளே இருக்கு, அளவு பிழையெண்டால் மாத்தலாம்" என்று ஒரு வசனம் சொல்லுங்கள். விலை தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தைவிட, மாற்றும் உரிமையே அவருக்குப் பயன்படும்.

ஒன்பதாம் படி: ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்

"நான் தந்ததைப் பாவிக்கிறீங்களோ?" என்று கேட்பது பரிசோதனை அதிகாரியின் வேலை. கேட்காமல், அடுத்த முறை போகும்போது கண்ணால் தேடுங்கள். வேறொருவர் கைக்குப் போயிருந்தால் கோபிக்காதீர்கள். கிடைத்த பரிசைப் பிறருக்குக் கொடுப்பவர்கள், முதலில் கொடுத்தவர் மிகவும் புண்படுவார் என்று பயப்படுகிறார்கள். கொடுத்தவர்களோ அவ்வளவு புண்படுவதில்லை என்று ஆடம்ஸ், ஃபிளின், நோர்ட்டன் ஆகியோர் 2012 இல் காட்டியிருக்கிறார்கள். நீங்களே கைமாற்றுவதென்றால், உள்ளே கிடக்கும் 'அன்புடன் மாமா, மாமி' அட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

கலியாண வீட்டுக் கொப்பியைப்போல நானும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அதில் வந்ததை எழுதுவதில்லை, நான் கொடுத்ததையும் பிறகு அதை எங்கே கண்டேன் என்பதையும் மட்டும் எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கொடுத்த குடை: கதவுக்குப் பின்னால், பிடி தேய்ந்திருக்கிறது. தம்பியின் குடிபூரலுக்குக் கொடுத்த குத்துவிளக்கு: சாமியறையில், வெள்ளிக்கிழமைகளில் எரிகிறது. சித்தியின் மகனுக்குக் கொடுத்த மேசைவிளக்கு: காணவில்லை. பெரியம்மாவுக்கு வருடப்பிறப்புக்குக் கொடுத்த ஆறு தேநீர்க் கோப்பைகள்: ஆறும் பெட்டியிலேயே. அதற்குப் பக்கத்தில், 'கைபிடி சிறியது, விரல் நுழையவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.